ஏட்டில் ஏறியதே கணக்கு

தமிழில் பதினெட்டு நூல்களுக்குச் சேர்த்துக் கணக்கு என்று பெயர். அவற்றில் ஒன்றிலும் கூட்டலோ கழித்தலோ கற்றுத்தரப்படவில்லை. திருக்குறள், நாலடியார், கார் நாற்பது, ஏலாதி என்று பதினெண்கீழ்க்கணக்கின் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அடுத்த மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் வருகிறார். முந்தைய பாடவேளையின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே சொல்தானா என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டியல் நூல்களை ஒட்டி ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நீண்ட அடிகளால் ஆன பாக்களின் தொகுதி மேற்கணக்கு. அடி குறைந்த பாக்களால் அறம், பொருள், இன்பம் சொல்வது கீழ்க்கணக்கு. இதில் மேல், கீழ் இரண்டுக்கும் பொருள் கிடைத்துவிடுகிறது. கணக்குக்குக் கிடைக்கவில்லை. அடியையும் பாட்டையும் எண்ணி வகுத்ததால் கணக்கு ஆயிற்று என்பார் உண்டு. எனக்கு அது நிறைவு தரவில்லை. எண்ணைச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இந்த நூல்களின் பெயரிலேயே எண் வெளிப்படையாக நிற்கிறது. இன்னா நாற்பது, இனியவை நாற்பது, களவழி நாற்பது, ஐந்திணை ஐம்பது, ஐந்திணை எழுபது, திணைமாலை நூற்றைம்பது. மருந்துப் பெயர் தாங்கிய மூன்றிலும்கூட எண் ஒளிந்திருக்கிறது: திரிகடுகத்தில் மூன்று, சிறுபஞ்சமூலத்தில் ஐந்து, ஏலாதியில் ஆறு. எண்ணின் வேலையை எண்ணே செய்து முடித்த பிறகு, கணக்கு என்ற சொல் அங்கே வந்து நிற்பது வேறு ஏதோ வேலைக்காகத்தான் இருக்க வேண்டும்.

(பதினெட்டு என்று தலையிலேயே எண்ணைச் சுமக்கும் இந்தத் தொகுதியின் எண்ணிக்கைதான் நெடுநாள் தகராறில் கிடந்தது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நூற்பெயர்களைச் சொல்லும் பழைய வெண்பாவுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டதில், பதினெட்டாவது நூல் கைந்நிலையா இன்னிலையா என்று புலவர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். இன்னிலையை 1917-இல் உரையோடு பதிப்பித்தவர் கப்பலோட்டிய வ.உ. சிதம்பரனார். இன்று பெரும்பாலோர் கைந்நிலை பக்கம்.)

கணக்கு என்பது அடிப்படையில் எண்ணிக்கை அல்ல, ஏடு என்பதே என் கட்சி. எழுதி வைக்கப்பட்டது; யாராவது கேட்டால் எடுத்துக் காட்டவேண்டியது. எண்ணுவதை ஒருவர் தனியே உட்கார்ந்து செய்துவிடலாம். கணக்குக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், எழுதுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். இந்தச் சொல் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் கடையிலும் வயலிலும் எத்தனை வேடம் போட்டாலும் இந்த இருவரும் அதற்குள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

முதல் சாட்சி கணக்காயர். சங்கப் புலவர் நக்கீரரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஏடுகள் குறிக்கின்றன. கணக்காயர் என்றால் ஆசிரியர். கணக்கை ஆய்பவர், ஆராய்ந்து சொல்லித் தருபவர். நாலடியாரில் ஒரு பாட்டு, எதையும் முறையாகக் கல்லாமல் கணக்காயர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது காதில் விழுந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு அவையில் புலமை காட்டும் அசடனைக் கேலி செய்கிறது. காதில் விழுந்தது சூத்திரம், வாய்ப்பாடு அல்ல. திரிகடுகமோ நன்மை தராத மூன்றைப் பட்டியலிடும்போது, கணக்காயர் இல்லாத ஊரை முதலில் வைக்கிறது. பிணக்கைத் தீர்க்கும் பெரியவர்கள் இல்லாத அவை அடுத்தது. பகிர்ந்து உண்ணாதவர்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பது மூன்றாவது. வரி வசூலிக்கும் ஆள் இல்லை என்று எந்த ஊரும் வருந்தாது என்பதால், இங்கே சொல்லப்படுபவர் எழுத்தறிவிக்கும் ஆசான்தான் என்பதில் ஐயம் இல்லை. ஆக, பழந்தமிழில் கணக்கு என்ற சொல் நூலையும் தொட்டுக்கொண்டு நின்றது. கீழ்க்கணக்கு என்ற பெயர் அந்தப் பழைய பொருளின் மிச்சம்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. வடமொழியில் எண்ணுதலைக் குறிக்கும் வேரோடு இச்சொல்லை இணைப்பவர்கள் உண்டு; தனித்தமிழ் ஆய்வாளர்கள் தமிழ் வேரே காட்டுவார்கள். நாள் கணித்துச் சொல்லும் கணி, கணியன் பூங்குன்றனாரின் பெயரில் இருக்கும் கணியன் எல்லாம் எண்ணுவதோடு தொடர்புடையவையே. வேர்ச்சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட எந்த வீட்டில் வளர்ந்தது என்பதே இங்கே முக்கியம். தமிழில் எண்ணுவதற்கு எண் என்ற சொல் முன்பே இருந்தது. எண்ணும் காரியத்தையும் நினைக்கும் காரியத்தையும் அது ஒன்றாகவே பார்த்துக்கொண்டது. எண்ணிக்கை, எண்ணம் இரண்டும் அதன் பிள்ளைகள். வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் எழுத்துக்கு இணையாக நிறுத்துவது எண்ணைத்தான், கணக்கை அல்ல. எண் மனத்துக்குள் வேலை செய்தது, கணக்கு ஓலையில் ஏறியது. அக்கம்பக்கத்து மொழிகளில் நடந்ததும் இதை ஒட்டியே இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் கணக்குக்கு வழங்கும் லெக்க என்ற சொல், எழுதுவதைக் குறிக்கும் வடசொல்லின் வழியாக வந்தது. அங்கே எழுத்தே கணக்காயிற்று.

மணிமேகலைக்கு வந்தால் சொல் இன்னும் ஒருபடி ஏறுகிறது. இருபத்தேழாம் காதையின் பெயர் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் மாதவ வடிவம் கொண்ட மணிமேகலை ஒவ்வொரு சமயத்தின் அறிஞரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று வரிசையாகத் தத்தம் தத்துவத்தை விரிக்கிறார்கள். இவர்களுக்குத்தான் சாத்தனார் கணக்கர் என்று பேர் வைத்தார். தன் சமயத்தின் நூல் அறிந்தவர், கேட்டால் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர். காதை முழுக்க ஒரு தணிக்கை போலவே நடக்கிறது என்பது என் வாசிப்பு. அவள் கேட்கிறாள், அவர்கள் காட்டுகிறார்கள், அவளுக்குப் பொருந்தவில்லை. பூதவாதியிடம் சிரித்தே விடுகிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி என்பதும் தற்செயலாகத் தெரியவில்லை. அறிவதற்கான வழிகளை அளவை என்று அழைத்தது தமிழ்; நாழியும் உழக்கும் வைத்துப் புழங்கிய அதே சொல்.

சமயமும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்தது காப்பியத்தோடு முடிந்துபோகவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் செபம் சொல்லித்தரவும் அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் உள்ளூர் ஆட்களை நியமித்தார். தம் கடிதங்களில் அவர்களைக் குறிக்க அவர் எழுதும் சொல் கணக்கப்பிள்ளை என்பதன் போர்த்துக்கீசிய உருவம். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள், ஊர் பேரேட்டை வைத்திருக்கும் ஆள், அவரே உபதேசியார். சாத்தனாரைச் சவேரியார் படித்திருக்க வழியில்லை. இருந்தும் அவர் கையில் சமயக் கணக்கர் மறுபடி உருவானார். வள்ளலார் பிறந்த மருதூரிலும் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. 1823-இல் அவர் பிறந்தபோது தந்தை இராமையா பிள்ளை அந்த ஊரின் கணக்கர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் அவரே. கணக்காயர் என்ற பழஞ்சொல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஆள் போகவில்லை.

கல்வெட்டுக்குப் போனால் காட்டுதல் என்ற வினை முன்னுக்கு வருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்ட சபை விதிகள் குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. குடவோலையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசும் அளவுக்கு, யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்ற பகுதியைப் பேசுவதில்லை. உண்மையில் விதிகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவரோடு நிற்கவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் என்று உறவு முறை நீளமாகப் போகிறது. அத்தனை பேருக்கும் தடை. களவு செய்தவரைத் தனியே இன்னொரு விதி விலக்குகிறது. ஆகவே இது திருட்டுக் குற்றம் அல்ல. பணத்தை ஒழுங்காகச் செலவழித்திருக்கலாம், காட்டவில்லை, அவ்வளவே. அதற்கே குடும்பத்தோடு வெளியே. கணக்கு என்றால் காட்டவேண்டியது என்ற பொருள் இவ்வளவு கண்டிப்பாக வேறெங்கும் பதிவாகி நான் பார்த்ததில்லை. இலங்கைத் தமிழில் இன்றும் தணிக்கையைக் கணக்காய்வு என்கிறார்கள். தமிழ்நாட்டு அலுவலகச் சொல்லைவிட அது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், அதற்குள் கணக்காயரின் நிழல் இருப்பது.

இனி ஏட்டைத் திறந்து பார்க்கலாம். ஒரு கடைப் பேரேட்டின் தலைப்புகள் என்ன? வரவு, செலவு, பற்று, இருப்பு. இவற்றைக் கடையிலிருந்து பிடுங்கிச் சங்கப் பாட்டின் நடுவில் வைத்தால் அப்படியே அகத்திணை ஆகிவிடும். செலவு என்றால் போதல். தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவது செலவு. புறப்பட்டவன் தலைவியின் முகம் பார்த்துத் தயங்கி நிற்பது செலவழுங்குதல். வரவு, அவன் திரும்பி வருவது. இருப்பு, முல்லைத் தலைவி காத்திருக்கும் இருத்தல். பற்று, விட முடியாத பிணைப்பு. துறவைப் பாடியவர்கள் எல்லாரும் விடச் சொன்னது அதைத்தான். இந்த நான்கு சொற்களும் எப்போது, எந்த வழியில் வணிகரின் ஏட்டுக்குள் நடந்து போயின என்று தேதி குறிக்க முடியாது. ஆனால் காசு போவதையும் வருவதையும் ஆள் போவதையும் வருவதையும் போலவே தமிழ் பார்த்தது என்பது கண்கூடு. பொருள்வயிற் பிரிவில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வீட்டுக்கு வரவு வரவேண்டும் என்பதற்காகத்தான் தலைவன் செலவு மேற்கொள்கிறான். கடன் என்ற சொல்லும் அப்படித்தான், கடமையையும் வாங்கிய பணத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

இந்தப் பற்று என்ற சொல்லின் இரண்டு முனையையும் ஒரே கதையில் பிடித்தவர் புதுமைப்பித்தன். 'மனித யந்திரம்' கதையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கடையில் காலமெல்லாம் கணக்கெழுதியே தேய்ந்தவர். பேரேட்டின் புள்ளிகளைத் தவிர வேறு உலகம் இல்லாதவர். ஓர் இரவு கடையின் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று புறப்படுகிறார். ரயில் நிலையம்வரை போகிறார். ஓடும் திட்டமும் மனத்துக்குள் பிழையின்றித் தயாராக இருக்கிறது. ஆனால் கால் திரும்பிவிடுகிறது. வந்து பணத்தைப் பழையபடி வைத்துவிட்டு, வழியில் கைவிட்ட சில்லறைக் காசைத் தம் பெயரில் பற்று எழுதுகிறார். கதையின் உச்சம் அந்த ஒரு வரிப் பதிவு. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்கிறவரை அவர் உள்ளேயே வைத்திருக்கிறார். நேர்மையைப் பற்றிய கதையாக இதைப் பாடம் நடத்துபவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மைக் கதையாகப் படவில்லை. ஏடு ஒரு மனிதனை எழுதிய கதை அது. கணக்கன் கணக்கைத் தின்னாவிட்டால் கணக்கனைக் கணக்கு தின்றுவிடும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. முதல் பாதி ஊழலைப் பற்றியது, எல்லாருக்கும் புரியும். இரண்டாம் பாதிக்கு உரை வேண்டுமானால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பார்த்தால் போதும்.

பழமொழியின் முதல் பாதிக்கு ஊர்க் கணக்குப்பிள்ளையே போதிய உரை. கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்ட அந்தப் பதவி பரம்பரையாக வந்தது. யார் நிலம் எது, என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. வெள்ளைக்கார அதிகாரி மாறுவார், மணியக்காரர் சண்டை போடுவார், கணக்குப்பிள்ளையின் சுருணை அசையாது. ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்பத் திரித்து வைத்துக்கொண்டார்கள். 1886-இல் வந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. ஆள் மாறினாலும் ஏட்டின் பெயர் மாறவில்லை. பயிர் விவரம் எழுதும் அடங்கல் இன்றும் கிராமக் கணக்கு எண் 2. ஆண்டுக்கொரு முறை பசலி முடியும் தறுவாயில் ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்குகளை வட்டத் தலைநகருக்குக் கொண்டுபோய் மேலதிகாரி முன் வைத்துக் காட்டும் சடங்கு. இப்போது அதற்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர் இருந்தாலும் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள் ஜமாபந்தி என்றே சொல்கிறார்கள்.

இலங்கை மலையகத்தில் கணக்கப்பிள்ளை என்ற சொல் வேறு ஒரு கசப்போடு வாழ்ந்தது. அங்கே அவர் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்து செக்ரோலில் பேர் போடுபவர். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். ஒரு பெண் விடிந்தது முதல் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு மாலையில் தராசடிக்கு வருகிறாள். அவளுடைய நாள் மட்டுமல்ல, பேச்சுவழக்கின்படி அவள் பேரே பாதியாக எழுதப்படுகிறது. தமிழின் பின்னச் சொற்களில் இதைவிடக் கொடிய பயன்பாடு எனக்குத் தெரியாது. நாட்டார் பாடல்களில் கங்காணியோடு கணக்கப்பிள்ளையும் வசை வாங்கியதில் வியப்பில்லை. கேட்கவேண்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக வைக்கப்பட்ட இடத்தில், கணக்குக்கு வேண்டிய இரண்டாவது ஆள் இல்லாமல் போகிறார்.

மேலுலகத்திலும் ஒரு கணக்கப்பிள்ளையை நாம் உட்கார வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குக் கோயில் இருக்கிறது. கையில் ஓலையும் எழுத்தாணியும். சித்திரைப் பௌர்ணமியில் அவருக்கு நோன்பு. பாவ புண்ணியத்தை நிறுத்தும் தெய்வத்துக்குத் தராசைக் கொடுக்காமல் எழுத்தாணியைக் கொடுத்தது கவனிக்கத்தக்கது. எமனுக்கு எடை தேவைப்படவில்லை, பதிவு தேவைப்பட்டது. பக்திக் கவிகள் இதற்கு நேர் எதிரே நிற்கிறார்கள். நம்மாழ்வாரிடம் இறைவனின் நலம் கணக்குக்கு அப்பாற்பட்டது. அவன் யாருக்கும் காட்டவேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு, எண் கணக்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம். அதற்கும் ஏடுகள் இருந்தன. கொறுக்கையூர்க் காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் அவற்றில் பெயர்பெற்றது. நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாடப் புழக்கத்தில் வரும் அளவுகளையும் வினாக்களையும் வெண்பாவில் கட்டியது. நூலைப் புரட்டும்போது கண்ணில் படுவது பின்னங்களின் செழிப்பு. கால், அரை, முக்கால் என்று நின்றுவிடாமல், அரைக்கால் எட்டில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று இறங்கி, முந்திரியையும் மறுபடி முந்நூற்றிருபதாகப் பிளந்து கீழ்முந்திரி என்று போகிறது. கோயில் நிலத்தையும் வாரத்தையும் பங்கிட்டுப் பங்கிட்டு வந்த சமூகத்துக்கு முழு எண்ணைவிடப் பின்னமே அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் இவற்றை எண்சுவடியாக உருப்போட்டார்கள். செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் இந்தத் திண்ணைக் கல்வியையும் கணக்கர்களின் உலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. மனப்பாடம் என்பதை மூடத்தனமாக ஒதுக்காமல் ஒரு கற்கும் முறையாகவே எடுத்துக்கொள்கிறது. வேண்டிய வேலை அது.

கணக்கதிகாரத்தில் பலாப்பழக் கணக்கு ஒன்று உண்டு. பழத்தை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். காம்பைச் சுற்றியிருக்கும் சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் போதுமாம். நம் முன்னோரின் அறிவியல் என்று இதைச் சுற்றுக்கு விடுகிறவர்கள் பண்ருட்டிச் சந்தையில் நாலு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது. சுளையின் எண்ணிக்கை மகரந்தம் சேர்ந்து கருவான பூக்களைப் பொறுத்தது. காம்படி முள்ளுக்கு அது கட்டுப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வெண்பாவின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் பிள்ளையின் நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பலாச்சுளையைவிட இனிய சாக்கு கிடையாது. பாடலாசிரியருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தது.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. கணக்கு கணிதம் ஆயிற்று, மேல்வகுப்பில் கணிதவியல் ஆயிற்று. சொல்லுக்கு மரியாதை கூடக் கூட ஏடு அதிலிருந்து விலகியது. கணிதமேதை என்கிறோம், கணக்குமேதை என்று சொல்வதில்லை. இராமானுஜனின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. தந்தை கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மகன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். பகலில் இராமானுஜன் எழுதிய துறைமுக ஏடுகளை மேலதிகாரி கேட்டார், அவரும் காட்டியிருப்பார். நோட்டுப் புத்தகங்களில் எழுதிய மற்றதற்குத்தான் சிக்கல். முடிவை மட்டும் எழுதினார், வழியை எழுதவில்லை. கேம்பிரிட்ஜில் ஹார்டி ஓயாமல் கேட்டது நிரூபணத்தை, அதாவது கணக்கைக் காட்டச் சொல்லித்தான்.

பேச்சுத்தமிழ் இச்சொல்லை எழுத்துக்குக் கட்டுப்படாமல் விட்டிருக்கிறது. மனக்கணக்கு என்ற கூட்டே ஒரு முரண்தொடர், ஏடில்லாத ஏடு. அங்கிருந்து கணக்குப் போடுதல் சூழ்ச்சி ஆனது. தேர்தல் நேரத்துச் செய்தித்தாள்களில் கட்சிக்கொரு கணக்கும் ஒரு தப்புக் கணக்கும் கட்டாயம் இருக்கும். பையன்கள் தெருமுனையில் நின்று கணக்குப் பண்ணுவது பாடநூலில் இல்லாதது. திருநெல்வேலிப் பக்கம் பேய் கணக்கா ஆடுறான் என்றால் பேய் மாதிரி என்று பொருள். உப்பு கணக்கா இருக்கு என்றால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கணக்கு வழக்கில்லாமல் என்றால் அளவுக்கு மீறி. இந்தத் தொடரில் வழக்கும் சேர்ந்து வருவது சும்மா இல்லை. கணக்கு சரியில்லாத இடத்தில் அடுத்து வருவது வழக்குத்தான். பகையாளியிடம் கணக்குத் தீர்ப்பதில் பழைய இரண்டு பேரும் திரும்ப வந்துவிடுகிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியை விவசாயியின் பெருந்தன்மைக்குச் சான்றாக மேடையில் சொல்கிறார்கள். அது பெருந்தன்மை அல்ல. எழுதினால் நட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று தெரிந்தவன் எழுதாமல் விடுகிறான்.

எழுதாமல் விடவே முடியாத இடம் மொய். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து என்ற சாக்குகூட வேண்டாம். மொய்க்காகவே பந்தல், கறிச்சோறு. பந்தலில் பெயரையும் ஊரையும் சொல்ல ஒருவர், பணத்தை எண்ண ஒருவர், நோட்டில் எழுத ஒருவர். வாங்கினவர் அந்த நோட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, பழையதைத் திருப்பி அதற்கு மேல் புதுசாக ஒரு தொகையும் வைக்கிறார், அது அடுத்த சுற்றுக்கு ஏறுகிறது. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சி ஊர். பேரன் காலத்துக்கும் நோட்டு கைமாறும். ஒருவர் மொய்யை மறந்தார் என்றால் அவர் கடனாளி என்று பேசமாட்டார்கள். அவர் வீட்டில் நோட்டு சரியாக வைப்பதில்லை என்றுதான் பேச்சு அடிபடும், அதுதான் பெரிய அவமானம். உத்திரமேரூர்ச் சபையார் இந்தப் பேச்சைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்தவை வங்கிக் கணக்கும் மின்னஞ்சல் கணக்கும் முகநூல் கணக்கும். இவை ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய சொற்கள் என்பதில் சந்தேகமில்லை. மின்னஞ்சல் கணக்கில் எண்ண ஒன்றுமில்லை, கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை. ஒரு பெயரும் அதன் கீழ் எழுதிச் சேர்ந்தவையுமே இருக்கின்றன. இருந்தாலும் தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. திருக்குறளைக் கணக்கு என்று சொன்ன மொழிக்கு எண்ணே இல்லாத கணக்கு புதிது அல்ல. புதிதாக நடந்திருப்பது ஆட்கள் இடம் மாறியதுதான். ஏட்டை வைத்திருப்பவர் யாரென்று முகம் தெரியாது, எங்கே வைத்திருக்கிறார் என்று ஊர் தெரியாது, அவரிடம் காட்டு என்று கேட்கும் உரிமையும் நமக்கு இல்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டால், நாம்தான் நாம் என்பதை அவருக்குக் காட்டவேண்டியவர்கள் நாமே.